மாஞ்சோலைக்கு ஏறும் பழைய ஜீப்... எந்தச் சத்தம் கேட்டால் வண்டியை நிறுத்த வேண்டும்?

கல்லிடைக்குறிச்சியைத் தாண்டி மணிமுத்தாறு அணையை நெருங்கும்போதே எதிரே மலை சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது. காமராஜர் ஆட்சியில் கட்டப்பட்ட அந்த அணையைக் கடந்து, வனத்துறை சோதனைச்சாவடியில் அனுமதி வாங்கினால் மலைப்பாதை தொடங்கிவிடும். மணிமுத்தாறு அருவி, மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஏறி ஏறி மேல் கோதையாறு வரை போகிறது இந்தப் பாதை. 2023 ஜூன் மாதம் கம்பம் பக்கம் பிடிபட்ட அரிக்கொம்பன் யானையை லாரியில் ஏற்றி வந்ததும் இந்த வழியாகத்தான்.

திருநெல்வேலியிலிருந்து மாஞ்சோலை சுமார் 57 கி.மீ. தூரம்தான். ஆனால் மலையேறும் பகுதியில் பல இடங்களில் தார் பெயர்ந்து கல்லும் பள்ளமுமாகக் கிடக்கிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. வண்டியின் குறைகளை எல்லாம் வெளியே கொண்டுவந்துவிடும் பாதை இது.

தேயிலையும் ஜீப்பும்

சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் 99 ஆண்டு குத்தகைக்கு எடுத்த 8,373 ஏக்கர் காட்டில் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் தேயிலைத் தோட்டம் போட்டது. 2024 ஜூனில் தோட்ட வேலை நின்றது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த குடும்பங்கள் மலையிறங்க வேண்டிய நிலை வந்தது. இன்று அந்த மலை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் பகுதி.

ஊத்து வரை அரசுப் பேருந்து உண்டு. ஆனால் மழையில் சேறான கிளைப்பாதைகளில் நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப்புக்கு ஈடு வேறில்லை. இரண்டாம் உலகப் போரில் பெயர் வாங்கிய வில்லீஸ் ஜீப்பை 1947-ல் இந்தியாவில் பூட்டி விற்க ஆரம்பித்தது மஹிந்திரா நிறுவனம். அந்த வழியில் பின்னாளில் வந்த சி.ஜே. 500, எம்.எம். 540 போன்ற வண்டிகள் இன்றும் மலையோர ஊர்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. வயதான வண்டி என்பதால், அது போடும் சத்தத்தைப் புரிந்துகொள்ளத் தெரிந்திருக்க வேண்டும்.

எஞ்சினிலிருந்து சக்கரம் வரை

எஞ்சினின் சக்தி கிளட்ச், கியர் பாக்ஸ் வழியாக 'டிரான்ஸ்ஃபர் கேஸ்' என்ற பெட்டிக்கு வருகிறது. அங்கிருந்து முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு புரொப்பல்லர் ஷாஃப்ட். ஒவ்வொரு ஷாஃப்ட்டின் முனையிலும் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு இணைப்பு. பட்டறைகளில் அதற்கு 'கிராஸ்' என்று பெயர். பிறகு ஹவுசிங்குக்குள் இருக்கும் கிரவுன், பினியன் பற்சக்கரங்கள். கடைசியாக ஆக்சிலும் சக்கரமும்.

மலை இறக்கத்தில் டிரைவர்கள் சின்ன கியரில் போட்டு, எஞ்சினையே பிரேக்காக வைத்து இறங்குவார்கள். அந்த நேரத்தில் பின் ஷாஃப்ட்டின் கிராஸ் உடைந்தால், பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டிக்கு எஞ்சின் பிடி மொத்தமாகப் போய்விடும். சில பழைய ஜீப்களில் கைப்பிரேக்கும் சக்கரத்தில் இருக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கும். ஷாஃப்ட் போனால் கைப்பிரேக்கும் போனது. மிச்சம் இருப்பது கால்பிரேக் மட்டும்.

"சத்தம் எப்பம் வருது அண்ணாச்சி?"

அனுபவசாலி மெக்கானிக் முதலில் ஸ்பேனரை எடுக்க மாட்டார். இந்தக் கேள்வியைத்தான் கேட்பார். நிற்கும்போதா, ஓடும்போதா, திரும்பும்போதா, மிதிக்கும்போதா, விடும்போதா? பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

*டங்:* ரிவர்ஸ் போட்டதும், அல்லது ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதித்ததும் ஒரே ஒரு தட்டல். முதல் சந்தேகம் கிராஸ் மேல். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு, ஷாஃப்ட்டைக் கையால் இடமும் வலமும் திருகிப் பார்க்கலாம். கிராஸில் ஆட்டம் இருந்தாலோ, அதன் மூடியைச் சுற்றி துருப்பொடி இருந்தாலோ, உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

*ஊளை:* வேகம் கூடக் கூட மெல்லிய ஊளை கேட்டு, ஆக்சிலரேட்டரை விட்டதும் அது மாறினால், கிரவுன், பினியன் அல்லது பினியன் பேரிங்கைப் பார்க்க வேண்டும். கிராஸ் மாற்றுவது சின்ன வேலை; ஹவுசிங்கைப் பிரிப்பது பெரிய செலவு. அதனால்தான் 'டங்'கையும் ஊளையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

*உறுமல்:* வலப்பக்கம் வளைக்கும்போது உறுமல் கூடினால் இடது சக்கர பேரிங்கைக் கவனிக்க வேண்டும். திருப்பத்தில் பாரம் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் சாய்வதுதான் காரணம். சாலை மாறியதும் சத்தமும் மாறினால், அது டயர் சத்தமாக இருக்கலாம்.

*டக்... டக்... டக்:* நான்கு சக்கர இழுவையில் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது மட்டும் வந்தால், முன் ஆக்சில் முனையில் உள்ள ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம்.

*கிளட்ச்:* வண்டி நியூட்ரலில் நிற்கிறது. கிளட்சை மிதித்தால் சத்தம் வருகிறதா? ரிலீஸ் பேரிங். காலை எடுத்தால் வருகிறதா? கியர் பாக்ஸின் உள்ளே. ஏற்றத்தில் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை, கருகல் வாடை வருகிறது என்றால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது.

தாரில் வேண்டாம், சேற்றில் வேண்டும்

இந்த ஜீப்களில் நான்கு சக்கர கியரைப் போட்டதும் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். ஆனால் வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துவிடும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லை; முறுக்கம் முழுவதும் ஷாஃப்டிலும் பற்சக்கரத்திலும் ஏறும். ஸ்டீயரிங் கனமாகும், லீவர் வெளியே வராமல் இறுகும். லீவரோடு மல்லுக்கட்டாமல், வண்டியை நேராகக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தால் முறுக்கம் தளர்ந்து லீவர் வந்துவிடும்.

வெள்ளம் விட்டுப்போன பால்நிறம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை, தூத்துக்குடி மக்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை புரண்டது. அப்படித் தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டி மறுநாளே ஓடிவிட்டால், எல்லாம் சரி என்று நினைக்கிறோம். குறை பல வாரம் கழித்துத்தான் வெளியே தெரியும்.

ஓடிச் சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது, உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. மேலே உள்ள சிறிய காற்றுத் துளை அடைத்திருந்தால், ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் கலந்த ஆயில் பால் விட்ட காபி நிறத்துக்கு மாறும். வழவழப்பு போய் பேரிங் துருப்பிடிக்கும். ஓடையையோ வெள்ளத்தையோ கடந்து வந்தால் ஹவுசிங், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றிலும் ஆயிலைப் பார்க்க வேண்டும். பால்நிறம் என்றால் உடனே மாற்ற வேண்டும். மை போன்ற மெல்லிய உலோகப் பொடி பழைய வண்டியில் சகஜம். நகத்துண்டு அளவு சில்லு கிடைத்தால் பல் உடைந்திருக்கிறது.

ஏறும் முன் பத்து நிமிடம்

மணிமுத்தாறில் டீ குடிக்கும் நேரத்துக்குள் இந்தச் சோதனை முடிந்துவிடும். வண்டிக்கு அடியில் புதிதாக ஆயில் சொட்டு இருக்கிறதா? கிராஸ் போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா? நான்கு சக்கர லீவர் விழுகிறதா, திரும்ப வருகிறதா? வாடகை ஜீப் என்றால், டிரைவரிடம் "நாலு சக்கரமும் இழுக்குமா அண்ணாச்சி?" என்று கேட்பதில் தப்பே இல்லை, நல்ல டிரைவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஏற்றத்தில் 'டங்' கேட்டால், "மேலே போய்ப் பார்த்துக்கலாம்" என்று போகக் கூடாது. ஏறிய வண்டி இறங்கியும் ஆக வேண்டும், இறக்கத்திலும் அந்தக் கிராஸுக்கு வேலை இருக்கிறது.