சூடு எங்கே நிற்கிறது?

கத்திரி வெயிலில் ரிச்சி தெருவுக்குப் போகாதே என்பார்கள். கம்ப்யூட்டர் சூட்டைப் பற்றி எழுத நினைப்பவன் அப்போதுதான் போக வேண்டும். வருஷம் முழுக்க ஒப்பேற்றிக்கொண்டிருந்த பழுதெல்லாம் மே மாதத்தில் வெளியே வந்துவிடும்.

நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பக்கத்துத் தெருக்களையும் சேர்த்துத்தான் சென்னை ரிச்சி தெரு என்கிறது. கீழே விற்பனை, மாடியில் சர்வீஸ். நான் ஏறிய மாடிப்படியில் பாதி அட்டைப்பெட்டிகளுக்கும் மீதி மனிதர்களுக்கும். மேலே நீளமான ஓர் அறை. நீல ரப்பர் விரிப்புப் போட்ட மேஜைகள், பக்கவாட்டு மூடி கழற்றிய கேபினெட்டுகள், ஏ.சி. கிடையாது. முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு வெப்பமானி தொங்குகிறது. அன்றைக்கு அதில் 36 டிகிரி. ஒவ்வொரு ஜாப் கார்டிலும் முதல் வரியாக "ரூம் 36" என்று எழுதிய பிறகே மற்றதை எழுதுகிறார்கள்.

அது ஏன் என்று கேட்டேன். "அது தெரியாம மத்த நம்பரெல்லாம் பார்த்து பிரயோஜனம் இல்ல சார்" என்றார் டெக்னீஷியன். டிப்ளமோ படித்துவிட்டுத் திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்த இளைஞர்.

அவர் சொன்னதன் காரணம், வாட்டர் கூலிங் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் புரியும். வாட்டர் கூலிங் என்றதும் உள்ளே ஏதோ குளிரூட்டும் கருவி இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. பிராசஸரின் தலையில் ஒரு செம்புத் தகடு, அதன்மேல் சின்ன பம்ப், இரண்டு ரப்பர் குழாய்கள், ஓர் அலுமினிய ரேடியேட்டர், அதில் ஃபேன்கள். எல்லாவற்றையும் பூட்டி, திரவம் நிரப்பி, மூடி விற்பதைக் கடைகளில் ஏஐஓ என்பார்கள். செம்பு சூட்டை வாங்கித் திரவத்திடம் கொடுக்கிறது, திரவம் அதை ரேடியேட்டருக்குச் சுமந்து போகிறது, ஃபேன் அறைக்குள் தள்ளிவிடுகிறது. சூடு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். அறையைவிடத் திரவம் குளிர்ந்துபோக வழியே இல்லை. குளிர்நாட்டில் 21 டிகிரி அறையில் அளந்து 75 என்று காட்டும் வீடியோவைப் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் ஏன் 90 வருகிறது என்று கேட்டு வருகிறார்களாம். அறை 36 என்றால் அந்த 15 டிகிரி அங்கேயே போய்விட்டது.

நான் இருந்தபோது சேலத்திலிருந்து ஒருவர் பெட்ஷீட்டில் சுற்றிய கேபினெட்டோடு வந்தார். கல்யாண வீடியோ எடிட்டிங் தொழில். "மூணு மணி நேரத்துல முடியற ரெண்டர், இப்ப ராத்திரி பூரா ஓடுது. காலையில பார்த்தா ஆஃப் ஆகிக் கிடக்குது" என்றார். உள்ளே கோர் ஐ9-13900கே, 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் கொண்ட ஏஐஓ. இந்த பிராசஸருக்கு இன்டெல் சொல்லும் அடிப்படை மின் அளவு 125 வாட், உச்சத்தில் 253 வாட். 100 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். த்ராட்டில் ஆகிறது என்பது அதைத்தான். ஊரில் ஒரு கடையில், பிராசஸருக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவே தடவும் பேஸ்ட்டை இரண்டு முறை மாற்றியிருக்கிறார்கள். பிறகு, "பிராசஸர் போச்சு, புதுசு போடுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

டெக்னீஷியன் விண்டோஸுக்குப் போகவே இல்லை. பயாஸ் திரையைத் திறந்து வைத்துவிட்டு, இடது கையால் இரண்டு குழாய்களையும் விரல் இடுக்கில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் 52, 58, 67. எந்த வேலையும் கொடுக்காமலே ஏறிக்கொண்டிருந்தது. என் கையை இழுத்துக் குழாய்களின் மேல் வைத்தார். ஒன்று சுட்டது. மற்றொன்று அறையைப் போலவே இருந்தது.

"ரெண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கணும் சார். இப்படி வித்தியாசம் வரக் கூடாது."

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே சரி. நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஓடினால், 200 வாட் சூட்டை வாங்கிக்கொண்டும் அது 3 டிகிரிதான் கூடும். விரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஒரு குழாய் சுட்டு இன்னொன்று சும்மா இருந்தால், திரவம் ஓடவில்லை, சொட்டுகிறது என்று பொருள். ஆனால் பயாஸில் பம்பின் வேகம் 2,700 என்று ஒழுங்காகக் காட்டிக்கொண்டிருந்தது.

"சுத்துது சார். ஆனா ஓடல."

பம்பின் வயர் சொல்வது உள்ளே இருக்கும் சுழலி சுற்றுகிறதா என்பதை மட்டும்தான். திரவம் நகர்கிறதா என்று அதற்குத் தெரியாது. சேலம் கடைக்காரர் இந்த எண்ணைப் பார்த்துத்தான் கூலரை விட்டுவிட்டுப் பிராசஸர்மேல் பழியைப் போட்டிருக்க வேண்டும்.

இங்கே உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. கூலரைக் கழற்றி, பேஸ்ட் பதிந்திருந்த விதத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்கள். நடுவில் மெல்லியதாக, சீராகப் பரவியிருந்தது. தகடு நன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. அடுத்து, அலமாரியிலிருந்த, திரவம் இல்லாமல் ஃபேன் காற்றாலேயே குளிர்விக்கும் ஒரு பெரிய ஏர் கூலரை மாட்டி, பயாஸில் மின் அளவை 125 வாட்டுக்கு இறக்கி, பிராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் சோதனையை 10 நிமிஷம் ஓடவிட்டார்கள். டெம்பரேச்சர் ஏறி, எண்பதுகளில் நின்றுவிட்டது. "பிராசஸருக்கு ஒண்ணுமில்ல சார்." சேலத்துக்காரர் அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

13, 14-ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸர்கள் சிலவற்றுக்கு மின்னழுத்தத்தால் வரும் கோளாறு ஒன்று இருப்பதை 2024-இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டியது. அதிலிருந்து ஐ9 என்றாலே எல்லோருக்கும் அந்தச் சந்தேகம்தான். சூடே இல்லாமல் புரோகிராம்கள் விழுந்துகொண்டிருந்தால் அந்தப் பக்கம் தேட வேண்டும். இது அதுவல்ல.

எண்ணைவிட எண் ஏறும் வேகத்தைத்தான் இவர்கள் அதிகம் நம்புகிறார்கள். லோடு கொடுத்த நொடியே 100-க்குத் தாவி, நிறுத்திய நொடியே சரிந்தால், தகட்டுக்கும் பிராசஸருக்கும் நடுவே கோளாறு: பேஸ்ட் காய்ந்திருக்கலாம், ஒரு மூலை ஸ்குரூ தளர்ந்திருக்கலாம், தகட்டின் அடியிலிருந்த பிளாஸ்டிக் படலத்தை உரிக்காமலேயே மாட்டியிருக்கலாம். கடைசியாகச் சொன்னது சிரிப்புக்குச் சொன்னதல்ல, அடிக்கடி வருகிறதாம். பத்து நிமிஷம் மெதுவாக ஏறிக்கொண்டே போனால், திரவம் சூட்டை ஒழுங்காக வாங்கியிருக்கிறது, ரேடியேட்டரால் வெளியே விட முடியவில்லை. ஃபேனைக் கழற்றினால் கம்பளி மாதிரி தூசு. பூஜை அறைக்குப் பக்கத்தில் வைத்திருந்த ஒரு சிஸ்டத்தின் ரேடியேட்டரைக் காட்டினார்கள். ஊதுபத்திப் புகையும் கொசுவர்த்திப் புகையும் சேர்ந்து இடுக்குகளில் பிசினாக ஒட்டியிருந்தன. அதற்கு ப்ளோயர் போதாது.

காதுக்கும் வேலை இருக்கிறது. ஆன் செய்ததும் களக் களக் என்று சத்தம் வந்தால் பம்புக்குள் காற்று. ரப்பர் குழாய் வழியாக ஆண்டுக்கணக்கில் திரவம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகும்; அந்த இடத்தில் காற்று சேரும்; காற்று உயரமான இடத்தைத் தேடிப் போகும். அந்த உயரமான இடம் பம்பாக இருந்துவிடக் கூடாது. ரேடியேட்டரின் மேல் விளிம்பு பம்பைவிட உயரத்தில் இருந்தால் காற்று அங்கே ஒதுங்கிவிடும். அழகுக்காக ரேடியேட்டரைக் கேபினெட்டின் அடியில் பொருத்தும் ஆட்களைப் பற்றி டெக்னீஷியன் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

சேலத்துக் கூலருக்கு வாரண்டி இருந்திருக்கும். ஆனால் ஊர்க் கடையில் ஸ்குரூமேல் ஒட்டியிருந்த சீலைக் கிழித்துவிட்டார்கள். அதனால் மேஜையிலேயே பிரித்தார்கள். செம்புத் தகட்டின் உள்பக்கம், ஒரு தபால்தலை அளவு இடத்தில், முடியைப் போல் மெல்லிய வரிகள் நெருக்கமாக அறுக்கப்பட்டிருக்கின்றன. திரவம் அந்த இடைவெளிகளுக்குள் நுழைந்துதான் சூட்டை வாங்க வேண்டும். அவற்றின் மேல் வெளிர்பச்சையில் ஒரு படலம், விரலால் தொட்டால் வழுக்கியது. செம்பும் அலுமினியமும் ஒரே திரவத்தில் இருந்தால் அரிப்பு வரும். அதைத் தடுக்கத்தான் கம்பெனியில் மருந்து கலந்து நிரப்புகிறார்கள். அந்த மருந்து தீரத் தீரப் படிவு சேர்கிறது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் வரியின் போக்கிலேயே தேய்த்து, டிஸ்டில்டு வாட்டரில் அலசினார். குழாய்த் தண்ணீரைப் பக்கத்திலேயே அண்டவிடவில்லை.

மூடிய பிறகு நேரே மெஷினில் மாட்டிவிட மாட்டார்கள். தனியாக ஒரு எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி), அதன் 24 பின் இணைப்பில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு ஜெம் கிளிப்பால் இணைத்தால் மதர்போர்டு இல்லாமலே அது ஓடும். அதிலிருந்து பம்புக்கு மட்டும் மின்சாரம். கூலரை டிஷ்யூ பேப்பர்மேல் கிடத்தி ராத்திரி முழுக்க ஓடவிடுகிறார்கள். காலையில் பேப்பரில் ஒரு ஈரப்பொட்டு இருந்தாலும் அது குப்பைக்கு. கிராபிக்ஸ் கார்டின் தலைமேல் தொங்கப்போகிற சாமான் அது. வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு, அந்தக் கூலரை அவசரத்துக்கு வைத்துக்கொண்டு ஏர் கூலருக்கு மாறிவிடும்படிதான் சேலத்துக்காரரிடம் சொன்னார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஏர் கூலரில் ஃபேன் நின்றால் கண்ணால் பார்க்கலாம், சேலத்திலேயே வேறு ஃபேன் வாங்கிப் போடலாம். பம்ப் அடைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது. வேலை மட்டும் மெதுவாகும். முகூர்த்த நாட்களில் ராத்திரி பகலாக ரெண்டர் ஓட்டுகிறவருக்கு எந்தப் பழுது சமாளிக்கக் கூடியது என்பதுதான் கணக்கு, கூலரின் பளபளப்பு அல்ல.

சேலத்துக்காரர் வந்த அன்று மாலையே ஓர் அப்பாவும் கல்லூரிப் பையனும் வந்தார்கள். புது மெஷின், ரைசன் 7 7700எக்ஸ், லோடில் 95 டிகிரி. அப்பாவுக்கு ஏமாற்றப்பட்ட கோபம். டெக்னீஷியன் குழாயைத் தொட்டார், ரேடியேட்டரிலிருந்து வரும் காற்றில் கையை வைத்தார், வேகத்தைப் பார்த்தார். "சார், இதுல பழுதே இல்ல." 7000 வரிசையில் ஏஎம்டி அப்படித்தான் வடிவமைத்திருக்கிறது. எவ்வளவு நல்ல கூலர் போட்டாலும், இடம் கிடைத்தால் வேகத்தைக் கூட்டிக்கொண்டு 95 வரை போகும். பயாஸில் 65 வாட் ஈகோ மோடை வைத்துக் கொடுத்தார். சூடு சட்டென்று இறங்கியது. வேகத்தில் இழந்தது சொற்பம். கீழே இறங்கியிருந்தால் அதே அப்பாவுக்கு 360 ரேடியேட்டர் ஒன்றை விற்றிருப்பார்கள்.

கடை முதலாளிக்கு ஐம்பது வயதுக்கு மேல். ரேடியோ, ஆம்ப்ளிபயர் காலத்தில் இந்தத் தெருவுக்கு வந்தவர். அன்று 2என்3055 டிரான்சிஸ்டருக்கு மைக்கா தகடு வைத்து வெள்ளைப் பேஸ்ட் தடவி ஹீட் சிங்க்கில் முறுக்கிய அதே விரல்கள்தான். "அப்பவும் விரல் வெச்சுத்தான் பார்ப்போம். பொறுக்க முடியலன்னா எங்கயோ தப்பு" என்றார். 2004-இல் ஆப்பிள் திரவக் குளிர்விப்போடு விட்ட பவர் மேக் ஜி5 பின்னால் கசிவுக்குப் பேர்போனது. அதிலிருந்தே தண்ணீருக்கும் கரண்டுக்கும் அவர் மனதில் ஒட்டவில்லை. ஆனாலும் வருமானம் இப்போது அதில்தான்.

வருமானம் என்றதும் அவருக்கு ஒரு குறை இருக்கிறது. போன வாரம் வந்த ஒரு சிஸ்டத்தில் பம்பின் வயரைக் கேபினெட் ஃபேனுக்கான இடத்தில் குத்தியிருந்தார்கள். சத்தம் குறைய வேண்டும் என்று மதர்போர்டு அந்த இடத்தின் வேகத்தைக் குறைத்து வைத்திருக்க, பம்ப் நொண்டிக்கொண்டிருந்தது. பம்புக்கான இடத்தில் மாற்றிக் குத்தி, முழு வேகத்தில் வைத்ததும் சரியாகிவிட்டது. சர்வீஸ் சார்ஜ் 500 என்றதற்கு, "ஒரு வயரை மாத்திக் குத்துனதுக்கா?" என்று கேட்டுவிட்டு, அந்த ஆள் பாதியைக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

"ஒரு கூலரை மாத்தியிருந்தா ஆயிரக்கணக்குல பேசாம கொடுத்திருப்பாரு சார். எதையும் மாத்தாம சரி பண்ணா, ஏமாத்துன மாதிரி ஆயிடுது."

இந்தத் தொழிலில் தேவையில்லாமல் பாகம் மாற்றுகிறவர்கள் பெருகியதற்கு வாடிக்கையாளர்களான நமக்கும் பங்கு உண்டு. மெஷினைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் கூலரின் பில்லைத் தேடி எடுங்கள். நல்ல கம்பெனிகள் பலவும் 5, 6 ஆண்டு வாரண்டி தருகின்றன. சீல் கிழியாத கூலரைப் பிரிக்க எந்தக் கடைக்காரரையும் விடாதீர்கள். பழுது இன்னதென்று கண்டுபிடித்தவர் ஒரு பாகத்தைக்கூட மாற்றாமல் சரிசெய்து கொடுத்தால், கேட்ட 500 ரூபாயைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.