முதற்பக்கமும் பதின்மூன்றாம் பக்கமும்

எங்கள் பள்ளியின் காலைக் கூட்டத்தில் குறள் ஓதியதும், மாணவர் ஒருவர் நாளேட்டின் தலைப்புச் செய்திகளைப் படிப்பது வழக்கம். குறளுக்குப் பொருளுரைக்க நானிருக்கிறேன். செய்திக்குப் பொருளுரைப்பவர் யார்? அன்று வந்தது போர்ச் செய்தி. மாண்டவர் தொகையைப் படித்து முடித்த சிறுமி, இறங்கி வந்து, "எதற்காக ஐயா சண்டை? அது இதில் இல்லையே!" என்றாள். பட்டம் பெற்ற நான் விடையின்றி நின்றேன். வெட்கந்தான், மறைப்பானேன்?

மாலையில் என் எண்ணம் ஈராக்கை நோக்கி ஓடிற்று. அந்தப் போர் மூண்டபோது நான் சிறு பிள்ளை. பின்னர்ப் படித்தறிந்ததே இது. 2002 செப்டம்பர் 8, ஞாயிறு. ஈராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் அணுகுண்டு ஆக்கும் வேலைக்கே என்று அமெரிக்க அதிகாரிகள் கருதுவதாக நியூயார்க் டைம்ஸ் முதற்பக்கத்தில் முழங்கிற்று. அன்றே துணைக் குடியரசுத் தலைவர் டிக் செனி தொலைக்காட்சியில் தோன்றி, அந்த ஏட்டுச் செய்தியையே சுட்டிக்காட்டினார்! அரசு ஏட்டின் காதில் ஓதுகிறது. ஏடு ஊருக்கு உரைக்கிறது. பிறகு அரசே, "ஏடே எழுதிவிட்டதே" என்கிறது. பூசாரியே ஆடிக் குறி சொல்லிவிட்டு, "சாமியே சொல்லிற்று" என்று அதையே சான்றாக்கும் கதை நாம் அறியாததா?

குழாய்கள் ராக்கெட்டுக்கு உரியவை என்று அமெரிக்க எரிசக்தித் துறை வல்லுநர்கள் கருதினர். வல்லுநரிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதும் ஏட்டில் வந்தது. ஐந்து நாள் கழித்து, பதின்மூன்றாம் பக்கத்தின் உள்ளே! 2003 மார்ச் 7இல் பன்னாட்டு அணுசக்தி முகமைத் தலைவர் எல்பரதேய் பாதுகாப்பு மன்றத்திலேயே அந்தக் குற்றச்சாட்டுக்குச் சான்றில்லை என்றார். மார்ச் 20இல் குண்டுகள் விழுந்தன. தேடிய பேரழிவுப் படைக்கலக் குவியல் கிடைக்கவேயில்லை.

நைட் ரிடர் நிறுவனத்துச் செய்தியாளர்கள் முன்பே ஐயம் எழுப்பினர். ஆனால் வாஷிங்டனில் அவர்கள் எழுத்தைத் தாங்கிவரச் சொந்த ஏடில்லை. கேட்பார் எத்தனை பேர்? நியூயார்க் டைம்ஸ் தன் குறையை ஒப்புக்கொண்டது 2004 மே 26இல், பத்தாம் பக்கத்தில். அதையும் செய்யாத ஏடுகள் உண்டாதலால், அவ்வளவில் பாராட்டுகிறேன்.

இப்போது எங்கள் கூட்டத்தில் செய்தியைச் சொன்னவர் யார் என்பதையும் சேர்த்துப் படிக்க ஏற்பாடு. முதல் நாள் அதே சிறுமிதான். "பெயர் வெளியிட விரும்பாத அதிகாரி ஒருவர்" என்று படித்தவள், நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.