மூன்று முள்ளும் ஒரு சிவப்பு விளக்கும்

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பொனட்டைத் திறப்பார்கள், குனிந்து கறள் பார்ப்பார்கள், ரயருக்கு ஒரு உதை விடுவார்கள். புகையின் நிறம் பார்க்கத் தெரிந்த மாமா ஒருவரையும் கூட்டிக்கொண்டு போவார்கள். டாஷ்போட்டை மட்டும் யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. முள்ளுகள் அசைந்தால் போதும். "மீற்றர் எல்லாம் வேலை செய்யுது" என்று விற்பவர் சொல்வார், வாங்குபவர் தலையாட்டுவார். வேலை செய்வது வேறு, சரியாகக் காட்டுவது வேறு என்பதை நாங்கள் வாங்கிய வாகன்தான் படிப்பித்தது. அதிலும் முள்ளுகள் எல்லாம் வடிவாகவே அசைந்தன.

அது 1980களின் தொடக்கத்தில் யப்பானில் செய்த ரொயோட்டா கொறொல்லா டிஎக்ஸ் வாகன். எங்கள் மூன்று பேரை விடவும் வயது கூடியது. ஏன் இவ்வளவு பழசு என்று கேட்டால், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். நாங்கள் வாங்கியது அந்த இடைவெளியில். அப்போது பழைய கார் கேட்ட விலைக்கு முந்தி நல்ல கார் வாங்கியிருக்கலாம். அம்மாவை மாதம் இரண்டு தரம் கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் கொண்டுபோக வேண்டும். பஸ்ஸில் நின்று வர அவவால் முடியாது. சீட்டெடுத்த காசும் அக்காவின் சங்கிலியும் சேர்ந்துதான் அந்த வாகன்.

இரண்டாவது பயணத்தில் ஆனையிறவு கடக்கும்போது எஞ்சின் இரண்டு தரம் இருமி நின்றுவிட்டது. நேரம் மத்தியானம். அந்த இடம் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: இரண்டு பக்கமும் நீர், தலைக்கு மேலே வெயில், ஒதுங்க ஒரு மரம் இல்லை. பெற்றோல் முள்ளோ பாதியில் நின்றது. தாங்கி காலி. தம்பி ஒருவரின் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்க் கானில் பெற்றோல் கொண்டு வரும் வரைக்கும் அம்மா குடை பிடித்தபடி காருக்குள் இருந்தா. கிளினிக் நம்பர் போய்விட்டது.

இது போதாதென்று ரெம்பரேச்சர் முள்ளு. பத்து நிமிடம் ஓடினால் சிவப்புக் கோட்டுக்குக் கிட்டப் போய் நிற்கும். நிறுத்திப் பார்த்தால் தண்ணி கொதிக்கவில்லை, ஆவி இல்லை. பெற்றோல் முள்ளு பொய் சொன்னால் நடுத்தெருவில் நிற்போம், அவ்வளவுதான். ரெம்பரேச்சர் முள்ளின் பொய் அப்படியல்ல. ஒவ்வொரு நாளும் "சூடு, சூடு" என்று கத்தும் முள்ளை ஒரு கட்டத்தில் நாங்கள் பார்ப்பதை விட்டுவிடுவோம். உண்மையாகவே எஞ்சின் கொதிக்கிற நாளில் அது கத்தினாலும் கேட்காது. அன்றைக்கு சிலிண்டர் ஹெட் வளைந்தால் எங்களிடம் திரும்பவும் கட்டக் காசில்லை.

முதலில் போன கராஜில், தாங்கிக்குள் இருக்கிற மிதவையை மாற்று, எஞ்சினில் இருக்கிற சென்சரை மாற்று, தேவையென்றால் மீற்றரையும் மாற்று என்றார்கள். சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டுமாம். பிறகு ஒரு அண்ணையிடம் போனோம். பொருளாதாரத் தடைக் காலத்தில், தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்துக் கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்த தலைமுறை அவர். கொஞ்சம் பெற்றோல் காட்டி எழுப்பிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற அந்த வித்தையை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். எங்கள் கதையைக் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பியவை, ரெண்டு முள்ளும் கூடக் காட்டுதோ, இல்லாட்டி ஒண்டு கூட ஒண்டு குறையவோ?"

"ரெண்டும் கூட, அண்ணை."

"அப்ப ரெண்டும் ஒரே வீட்டில சாப்பிடுதுகள். அந்த வீட்டைப் பாப்பம். தாங்கியைக் கழட்டாதேங்கோ."

அவர் சொன்னதன் கணக்கு இதுதான். இந்த வயதுக் கார்களில் பெற்றோல் முள்ளும் ரெம்பரேச்சர் முள்ளும் சூட்டில்தான் நகர்கின்றன. உள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய சின்னத் தகடு, அதைச் சுற்றி மெல்லிய கம்பி. கரண்ட் போனால் தகடு சூடாகி வளையும், முள்ளு ஏறும். சாவி திருப்பியதும் முள்ளு துள்ளாமல் மெதுவாக ஏறுவது அதனால்தான். பற்றறியோ ஒரே நிலையில் நிற்காது. எஞ்சின் ஓடாதபோது 12 வோல்ற், ஓடும்போது 14 வரைக்கும் ஏறும். அது நேரே போனால் முள்ளும் கூடச் சேர்ந்து ஏறும். ஆகவே நடுவில் ஒரு ரெகுலேற்றர், இரண்டு முள்ளுக்கும் பொதுவாக, சராசரி 7 வோல்ற் அளவுக்குக் குறைத்துக் கொடுக்கும். அயன் பொக்ஸ் சூடானதும் தானே 'டிக்' என்று நின்று, ஆறியதும் திரும்பப் பிடிக்குமே, அதே வேலை. இந்த ரெகுலேற்றர் பிழைத்தால் இரண்டு முள்ளும் ஒரே பக்கத்துக்குப் பிழைக்கும். பெற்றோல் முள்ளு மட்டும், அதுவும் குறைத்துக் காட்டினால், சந்தேகம் தாங்கியின் எர்த் பக்கம் போக வேண்டும்.

இருந்தாலும் அண்ணை உடனே டாஷ்போட்டைக் கழற்றவில்லை. முள்ளு எவ்வளவு பொய் சொல்கிறது என்று முதலில் அளக்கச் சொன்னார். தாங்கியை வடித்தோம். சமதரையில் நிறுத்தி, ஐந்து ஐந்து லீற்றராக ஊற்றி, ஒவ்வொரு தரமும் ஒரு நிமிடம் பொறுத்து முள்ளைக் கொப்பியில் கீறினோம். காலித் தாங்கிக்குப் பாதி. ஐந்து லீற்றருக்குப் பாதிக்கு மேல். பதினைந்துக்கே நிரம்பி முட்டி நின்றது. சூட்டுக்கு, கொரோனாக் காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி உதவாது. அது காய்ச்சல் அளக்கத்தான். அண்ணையிடம் கராஜ் வேலைக்கான ஒன்று இருந்தது. மினுங்குகிற உலோகத்தில் பிடித்தால் குறைத்துக் காட்டும் என்று, ரேடியேற்றருக்குப் போகிற மேல் ஓஸின் கறுப்பு றப்பரில் பிடித்தார். 86 பாகை. எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை, முள்ளோ சிவப்பில்.

வேக முள்ளை இந்தக் கூட்டில் சேர்க்கக்கூடாது. அதற்குக் கரண்ட் இல்லை. கியர் பெட்டியிலிருந்து வருகிற கேபிள்தான் அதைச் சுற்றுகிறது. போனின் ஜிபிஎஸ்ஸில் 60 என்னும்போது எங்களுடையது 66 காட்டியது. வேகமானி உண்மையை விடக் குறைத்துக் காட்டக்கூடாது, கொஞ்சம் கூட்டிக் காட்டலாம் என்பதுதான் பல நாடுகள் ஏற்ற விதி. பத்து வீதமும் அதற்கு மேல் 4 கிலோமீற்றரும் வரை இடம் கொடுக்கிறது. அளவு சின்ன ரயர் போட்டாலும் கூடும். அதை அப்படியே விட்டோம்.

பிறகுதான் மீற்றர்ப் பெட்டியைக் கழற்றினோம். ரெகுலேற்றரின் வெளிவாசலில் அண்ணை ஒரு சின்ன பல்ப்பைப் பிடித்தார். விட்டு விட்டு எரிய வேண்டியது நின்று எரிந்தது. 12 வோல்ற் நேரே போகிறது. தானே சூடாகி 'டிக்' என்று நிற்பதற்கு ரெகுலேற்றருக்கும் எர்த் வேண்டும். எர்த் இல்லையென்றால் அது சூடாகாது, நிற்கவும் மாட்டாது. அண்ணை வயர்த் துண்டு ஒன்றைப் பெட்டியின் எர்த்தில் முட்டி, மறு நுனியைக் காரின் உடம்பில் பிடித்தார். இரண்டு முள்ளும் மெதுவாக, களைத்துப்போனவை மாதிரி, ஒன்றாகக் கீழே இறங்கின. எர்த் பிடிக்கிற ஸ்குறூ அதன் இடத்தில் இல்லை. கறளில் உக்கவில்லை, உடையவில்லை. யாரோ பெட்டியைக் கழற்றிப் பூட்டும்போது அதைத் திரும்பப் போடவில்லை.

ஒரு ஸ்குறூ. நாங்கள் சிரித்துக்கொண்டிருக்க, அண்ணை சிரிக்கவில்லை. "இந்தப் பெட்டியை ஆர், என்னத்துக்குக் கழட்டினது?" என்று பின்பக்கத்தை ரோச் அடித்துப் பார்த்தார். ஒயில் விளக்கின் பல்ப் இருக்க வேண்டிய ஓட்டைக்குள் ஹோல்டர் மட்டும் இருந்தது. பல்ப் இல்லை.

சாவியைத் திருப்பி, எஞ்சினை எழுப்ப முதல், ஒயில் விளக்கும் பற்றறி விளக்கும் சிவப்பாக எரிய வேண்டும். எழும்பியதும் அணைய வேண்டும். பழைய கார் வாங்கப் போகும் நண்பர்களே, வேறெதையும் பார்க்காவிட்டாலும் இதைப் பாருங்கள். ஓடும்போது எரியாத விளக்கு நல்ல செய்தி. எழுப்ப முதலே எரியாத விளக்கு அப்படியல்ல.

புது பல்ப் போட்டதும் கதை வெளியே வந்தது. குளிர்ந்த எஞ்சினில் விளக்கு எரிந்து அணைந்தது. அரை மணித்தியாலம் ஓட்டிவிட்டு ஐட்லிங்கில் விட்டால் மினுக்கத் தொடங்கியது. விளக்கின் சுவிச் பழுதாகவும் இருக்கலாமே என்று, அண்ணை அதைக் கழற்றி அந்த இடத்தில் ஒயில் அமுக்கம் அளக்கும் மீற்றரைப் பூட்டினார். வேகம் கொடுத்தால் அமுக்கம் இருந்தது. விட்டால் விழுந்தது. சம்பைக் கழற்றியபோது பெயரிங்கின் வெள்ளை தேய்ந்து செம்பு தெரிந்தது. இன்னும் சில மாதம் அப்படியே யாழ்ப்பாணம் போய் வந்திருந்தால் கிராங்க் பிடித்திருக்கும் என்றார். அதுவும் அம்மா காருக்குள் இருக்கும்போதுதான் பிடித்திருக்கும், வேறெதற்கும் நாங்கள் அதை எடுப்பதில்லை.

விற்றவருக்குப் போன் எடுத்தோம். "நான் வாங்கேக்கயும் அப்பிடித்தான் இருந்தது தம்பி. நான் டாஷ்போட்டில கையே வைக்கேல்லை" என்றார். நம்புவதா? பதிவுப் புத்தகத்தில் அவருக்கு முந்தி நிறையப் பெயர்கள். அவர்களில் யாரோ ஒருவர், மினுக்குகிற விளக்கைத் திருத்தக் காசில்லாமலோ, திருத்த மனமில்லாமலோ, பல்ப்பைப் பிடுங்கியிருக்கிறார். அவசரத்தில் ஸ்குறூவை மறந்திருக்கிறார். ஒயில் விளக்கின் வாயை மூடப் போனதில்தான் மற்ற இரண்டு முள்ளுக்கும் பொய் பழகியது. அந்த ஸ்குறூவையும் ஞாபகமாகப் போட்டிருந்தால் முள்ளுகள் சரியாகக் காட்டியிருக்கும், நாங்களும் பெட்டியைக் கழற்றியிருக்க மாட்டோம். ஆளைக் கண்டால் திட்டுவதா, நன்றி சொல்வதா என்று வீட்டில் இன்னும் தீர்க்கவில்லை. அக்கா திட்டுகிற பக்கம். சங்கிலி அவவுடையது.

பெயரிங்கும் ஒயில் பம்பும் அடுத்த சீட்டை முழுதாக விழுங்கின. பெற்றோல் முள்ளு இப்போது கொப்பியில் கீறியதோடு ஒத்துப்போகிறது, கடைசி ஐந்து லீற்றரில் கொஞ்சம் முந்திக் காலி காட்டுகிறது. அது எங்களுக்கு வசதி. சாவியைத் திருப்பினால் சிவப்பு விளக்கு இரண்டும் எரிகின்றன. எஞ்சின் பிடித்ததும் அம்மா பின் சீற்றிலிருந்து எட்டிப் பார்த்து, "நூந்திட்டுது, எடு" என்கிறா.