உம்மா எங்க?

கட்டாரிலிருந்து ஒரு மாத லீவில் வந்த வாப்பா எனக்கென்று ஒரு சிறிய டிஜிட்டல் கெமரா கொண்டு வந்திருந்தார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அந்த டிசம்பர் விடுமுறையில் அக்குறணையின் பனியையும் தூறலையும் விட்டுவிட்டுக் காலிக்குப் போனோம். டிசம்பரில் கிழக்கே கடல் கொந்தளிக்கும். தெற்கில் அடங்கிக் கிடக்கும்.

ஏசி போட்ட வேனிலிருந்து இறங்கியதும் கெமராவைத் திறந்தேன். எல்லாமே வெள்ளைப் புகையாகத் தெரிந்தது. பழுதாகிவிட்டதென்று அழாத குறை. கண்ணாடியில் படிந்த ஈரம்தான் அது என்பது, சில நிமிடங்களில் தானாகத் தெளிந்த பிறகே புரிந்தது.

அதன்பின் என் கை சும்மா இருக்கவில்லை. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் பெருப்பித்த கோட்டை மதில், 1939இல் எழுந்த வெள்ளை வெளிச்சவீடு, அதன் அருகே, தூரத்தில் நின்று பார்த்தால் தேவாலயம் போலத் தோன்றும் பள்ளிவாசல். வெளிச்சவீட்டின் உச்சியைப் பிடிக்க ஸூமை அழுத்திக்கொண்டே போனேன். ஓரளவுக்கு மேல் அது நெருங்குவதில்லை. இருக்கும் படத்தையே வெட்டிப் பெருப்பித்து மங்கலாக்கிவிடுகிறது. மாலைச் சூரியனுக்கு முன்னால் தம்பியை நிறுத்தினால் முகம் கரியாய் வந்தது. வெளிச்சம் இருக்கும்போதும் பிளாஷ் போடலாம் என்பதை மதிலில் நின்ற ஒரு வெளிநாட்டுப் பெண் சைகையால் காட்டித்தந்தார்.

இரவு வாப்பா கட்டிலில் சாய்ந்துகொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். மொத்தம் 96 படங்கள்.

"நல்லாத்தான் எடுத்திருக்கீங்க மகள்" என்றவர், முடிவில் மெதுவாகக் கேட்டார்: "உம்மா எங்க?"

தேடினேன். இரண்டே இரண்டு. ஒன்றில், தண்ணீர்ப் போத்தலைப் பிடித்த கை மட்டும். மற்றதில், தம்பியின் செருப்பில் மண் தட்டும் முதுகு. வாப்பா திரும்பிப் போக இன்னும் ஒன்பது நாட்கள்தான் இருந்தன.

மறுநாள் சுபஹ் தொழுத கையோடு உம்மாவை வெளிச்சவீட்டுப் பக்கம் அழைத்துப் போனேன். வாப்பாவும் வந்தார்.

"என்னத்துக்கு என்னைய? கடல எடுங்க" என்று உம்மா முந்தானையை இழுத்து முகத்தை மறைத்தார்.

வெளிச்சம் போதாது, கையில் பிடித்தால் படம் ஆடிவிடும். மதிலின் மேல் கெமராவை வைத்து, பத்து விநாடி டைமரைப் போட்டேன். சிறு விளக்கு சிமிட்டத் தொடங்கியது. உம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கே அது நீண்ட நேரமாகத்தான் தெரிந்தது. கடைசியில் பொறுக்க முடியாமல், "இன்னும் முடியல்லயா?" என்று வாப்பாவின் பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டார். அப்போதுதான் 'கிளிக்'.

மதிற்கல் சமனாக இல்லாததால் கடல் ஒரு பக்கம் சரிந்திருந்தது. உம்மாவின் முகமும் இலேசாக ஆடியிருந்தது. அழித்துவிட்டு இன்னொன்று எடுக்கப் போனேன். வாப்பா கெமராவை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்த ஒரு படத்தை மட்டும் கண்டியில் பிரின்ட் எடுத்துக் கொடுத்தோம். போன வாரம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, சட்டை எடுக்க வாப்பா அலுமாரியைத் திறந்தார். கதவின் உட்பக்கத்தில் அது தெரிந்தது. கடல் நேராகத் தெரிவதற்காகப் படத்தைச் சரித்து ஒட்டியிருந்தார்.