வெளுக்கிற களிம்பை நிறுத்தச் சொன்ன டாக்டரம்மாவுக்கு

மதிப்பிற்குரிய டாக்டரம்மா,

மாவட்ட அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் நீங்கள் ஒரு காலையில் பார்க்கிற கூட்டத்துக்கு நடுவே என் தங்கையை நினைவில் வைத்திருக்க வழியில்லை. ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிற பெண், இரண்டு கன்னமும் சிவந்து, துப்பட்டாவால் முகத்தைப் போர்த்திக்கொண்டு வந்தவள் என்று அடையாளம் சொன்னாலும், அப்படி வருகிறவர்கள் உங்களுக்கு அநேகம் பேர். உங்கள் பெயரை எழுதினால் கூச்சப்படுவீர்கள் என்று விட்டுவிட்டேன். நன்றியை நேரில் சொல்வதோடு நிறுத்தாமல் நாலு பேர் படிக்கும்படி எழுதக் காரணம் உண்டு. அவள் பூசியது போன்ற டியூப் இன்னும் எத்தனையோ வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மருந்துக்கடையில் கேட்டவுடன் கொடுத்தார்கள். கூட வேலை பார்க்கிறவர்கள் சொன்னார்கள், வாங்கினாள். பூசிய சில நாளிலேயே முகம் பளிச்சென்று ஆனது. பரு அமுங்கியது. சேலை எடுக்க வந்தவர்களே "என்னம்மா போடுற?" என்று விசாரித்தார்கள். சில மாதம் கழித்து, ஒருநாள் பூசாவிட்டால் எரிச்சல் என்றாகிவிட்டது. அடுப்படியில் நின்றால் முகம் காந்தும். கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு, பூனைமுடி, பொரிப்பொரியாகப் பரு. அதைச் சரிக்கட்ட எலுமிச்சைச் சாறு, ஆப்பசோடா, பருவின் மேல் பற்பசை, வியர்க்கும்போதெல்லாம் சோப்பு. இவ்வளவும் சேர்ந்து எரிய, ராத்திரி மறுபடி அதே டியூப். பூசினால் அடங்கிவிடும். அடங்குவதால் அதுதான் மருந்து என்று நம்பினாள்.

நீங்கள் எடுத்தவுடன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "போட்டது எல்லாத்தையும் கொண்டுவந்திருக்கியா?" என்று கேட்டீர்கள். நசுங்கிப்போன டியூபை வாங்கி, மடிப்பைப் பிரித்து, கைபேசி வெளிச்சத்தில் பொடி எழுத்தை வாய்விட்டு வாசித்தீர்கள்: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோட்டின் மேல் விரல் வைத்து அவளையே பார்க்கச் சொன்னீர்கள். "இது மங்குக்கு நாங்க எழுதிக் குடுக்கிற மருந்தும்மா. சில வாரந்தான் போடணும், அதுவும் நாங்க பாத்துக்கிட்டே இருக்கணும். பவுடர் மாதிரி தினம் போடுறது இல்ல" என்றீர்கள்.

பிறகு நான் தேடிப் படித்தேன். அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மேன் சக ஆய்வாளர் ஒருவரோடு 1975-ல் வெளியிட்ட ஒரு கலவையின் வழிவந்தது இந்த மூன்று மருந்துச் சேர்க்கை. மருந்தில் பழுதில்லை. அதில் இருக்கிற மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. அது ரத்தக்குழாய்களைச் சுருக்கும், வீக்கத்தை அடக்கும். முகம் வெளுத்ததுபோல் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, உள்ளே இருக்கிற நுண்குழாய்கள் வெளியே தெரியும், முடி வளரும், பரு கிளம்பும். இந்த நிலைக்கு 'ஸ்டீராய்டால் சேதமான முகம்' என்று பெயர் வைத்து உலகுக்குச் சொன்னதே இந்தியத் தோல் மருத்துவர்கள்தான். 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், நாட்டின் பல பகுதிகளில் 12 மையங்களுக்கு முகத்தோல் கோளாறோடு வந்த 2,926 பேரைப் பார்த்திருக்கிறார்கள். 433 பேர் ஸ்டீராய்டு பூசியிருந்தார்கள். அவர்களில் 392 பேருக்குப் பக்கவிளைவு. பூசியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்தக் களிம்பைப் போடச் சொன்னது மருத்துவரே அல்ல. அந்த வரியைப் படித்தபோது என் தங்கையின் கடையில் நிற்கிற பெண்கள் அத்தனை பேரும் கண்ணுக்கு முன் வந்தார்கள்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளலாம். படித்துக் கிடைக்காத ஒன்றை நீங்கள் தந்தீர்கள். என் நன்றி முக்கியமாக அதற்குத்தான். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே சொன்னீர்கள். "முதல்ல இன்னும் மோசமாகும். சிவக்கும், வீங்கும், பரு பொங்கும். 'டாக்டர் குடுத்தது ஒத்துக்கல'ன்னு நினைப்ப. அப்ப அந்த டியூப எடுக்கத் தோணும். எடுக்காம இங்க வா. ஓ.பி. நாள் இல்லன்னாலும் வா." சொன்னபடியே பொங்கியது. வீரியம் குறைந்த களிம்புக்கு மாற்றி, நாள்விட்டு நாள் ஆக்கி, அப்புறம் ஸ்டீராய்டே இல்லாத வேறொன்றைக் கொடுத்து நீங்கள் இறக்கிக்கொண்டு வந்தபோதும், நடுவில் ஒரு வாரம் அவள் கண் திறக்க முடியாமல் வேலைக்குப் போகவில்லை. பழைய டியூபைத் தேடி எடுக்கவுமில்லை. "டாக்டரம்மா சொன்னாங்கள்ல" என்று ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் திரும்பிப் போகிறார்கள் என்று நினைக்கிறேன். விட முடியாத பலவீனத்தால் அல்ல, விட்டால் இப்படித்தான் ஆகும் என்று யாரும் சொல்லாததால்.

வெறுமனே 'அதைச் செய்யாதே, இதைச் செய்யாதே' என்றும் நீங்கள் அனுப்பவில்லை. பழக்கத்தைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டால் கை சும்மா இருக்காது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஓ.பி. சீட்டின் பின்பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்தீர்கள். காலையும் ராத்திரியும் மட்டும் முகம் கழுவுவது. சாதாரணச் சோப்பின் pH அளவு 9, 10 வரை போகும், தோலோ 5-ஐ ஒட்டிய லேசான அமிலம், அதனால் சோப்பில்லாத கழுவும் திரவம். துண்டால் தேய்க்காமல் ஒற்றுவது. ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். வெளியே கிளம்பும்போது எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கிய அளவு. "ரெண்டையும் ஒரே மாசம் வாங்க முடியாதுன்னா முதல்ல மாய்ஸ்சரைசர் வாங்கு, வெயிலுக்குக் குடை பிடி" என்று நீங்கள் சேர்த்துச் சொன்னதை நான் மறக்கமாட்டேன். அவள் சம்பளம் என்னவென்று கேட்காமலே கணக்குப் போட்டுவிட்டீர்கள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காருவாளா என்றும் கேட்டீர்கள். கண்ணாடி மூடியிருந்தாலும் புற ஊதா ஏ கதிர் உள்ளே வரும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

பாட்டி அரைத்துவைத்த பயத்தமாவைப் பற்றிப் பயந்துகொண்டேதான் கேட்டாள். நீங்கள் முகம் சுளிக்கவில்லை. "கைக்கும் காலுக்கும் தேச்சுக்கோ. முகம் புண்ணா இருக்கு, ஆறட்டும்" என்றீர்கள். எலுமிச்சையை மட்டும் கண்டிப்பாக மறுத்தீர்கள். அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் கட்டிக் கறுத்துப்போகும் என்று காரணமும் சொன்னீர்கள். தலைக்கு வைக்கிற எண்ணெய் நெற்றிக்கு இறங்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னதில், நெற்றிப் பரு பாதி குறைந்தது.

இன்னொன்று. கூட வந்த எங்கள் அம்மா, "பொண்ணு பாக்க வர்றாங்க, பழைய கலர் வந்துருமாம்மா?" என்று கேட்டுவிட்டார். அந்த அறையில் எனக்கு உடம்பு கூசியது. நீங்கள் அம்மாவைக் கடிந்துகொள்ளவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. "பிள்ளைக்கு எரிச்சல் நிக்கணும், தூங்கணும். நாம அதப் பாப்போம்மா" என்றீர்கள். அதற்கப்புறம் அடுத்தடுத்த முறைகளில் நிறம் என்ற பேச்சே எழவில்லை. எரிச்சல் எப்படி, தூக்கம் எப்படி என்றுதான் கேட்டீர்கள். இப்போது அம்மாவும் வீட்டில் அதையேதான் கேட்கிறார்.

உங்கள் துறைக்கும் நன்றி சொல்ல வேண்டும். தோல் மருத்துவர்களின் சங்கம் பல வருஷம் வற்புறுத்தி வந்தது. 2018-ல் மத்திய அரசு மேல்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்து, சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்றது. அந்தச் சட்டம் கடை கல்லாவரை வந்துசேரவில்லை என்பதற்கு என் தங்கையின் கன்னமே சாட்சி. விற்கிறவர்கள் இதைப் படித்தால் சொல்கிறேன்: சீட்டு கேளுங்கள், அது உங்கள் கடமை. பெயர் விலாசமில்லாத வெளுப்புக் களிம்புகள் இதைவிட ஆபத்து. சிலவற்றில் பாதரசமே இருக்கிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் அப்படிப்பட்டதைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2023-ல் அங்குள்ள மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். முகத்தில் தடவியது சிறுநீரகம்வரை போகும் என்று யார் நினைப்பார்கள்?

தங்கை நன்றாக இருக்கிறாள். மாதங்கள் ஆயின. சிவப்பு நரம்பு இரண்டொன்று இன்னும் தெரிகிறது, அது மறைய நாளாகும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறாள். அந்தச் சீட்டின் பின்பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து, கூட வேலை பார்க்கிறவர்கள் கேட்டால் அனுப்புகிறாள். மருந்துப் பெயர் உள்ள முன்பக்கத்தை அனுப்புவதில்லை, அது அவளுக்கு மட்டும் எழுதியது என்று சொல்லிவிடுகிறாள்.

அவர்களில் ஒரு பெண்ணுக்கும் இதே போலக் கன்னம் சிவந்திருக்கிறது. நிறுத்தப் பயப்படுகிறாள். வருகிற வாரம் தங்கையே அவளை ஓ.பி.க்கு அழைத்து வருகிறாள். பூசியது எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துவரச் சொல்லியிருக்கிறோம், அட்டைப்பெட்டியோடு.

சேலைப் பிரிவுப் பெண்ணின் அக்கா