யார் தந்த பச்சை?

பொன்முடிக்குப் போகிறவர்கள் கல்லாற்றில் நிற்பது ஒரு கட்டஞ்சாயாவுக்காக. இல்லையென்றால் பாறைமேல் ஏறிப் படம் எடுக்க. நெடுமங்காடு, சுள்ளிமானூர், தொளிக்கோடு, விதுரா என்று வருகிற சாலை, 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்குமுன் கடந்துபோகிற சிற்றூர் அது. ஆற்றுக்குள் தண்ணீரைவிடக் கல் அதிகம். எல்லாம் உருண்டு திரண்டு வழவழத்துப்போன கல். கரையை ஒட்டி ரப்பர் மரங்கள், கொடியில் காயும் ரப்பர் ஷீட்டுகள், கமுகில் ஏறிய மிளகுக்கொடி, தள்ளித் தள்ளி நிற்கும் வீடுகள். "கல்லாற்றுல காண ஒண்ணும் இல்லியே, மேலே பொன்முடிக்குப் போங்க சார்" என்றுதான் விதுராவில் ஆட்டோக்காரர் சொன்னார்.

எனக்குப் பொன்முடி வேண்டியிருக்கவில்லை. ஒரு செடியின் பூர்வீகத்தைத் தேடிப் போயிருந்தேன்.

என் ஊர் மலைக்குக் கிழக்கே, அம்பாசமுத்திரம். பாபநாசத்துக்கு மேலே காரையாறு, சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழி என்று காணிக்காரர் என்னும் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் உண்டு. தேனும் கிழங்கும் கொண்டு இறங்கிவருகிற அவர்களைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். ஆனால் மூலிகை என்று பேச்சு வந்தால் எங்கள் பக்கத்தில் ஒரே பதில்தான்: "அகத்தியர் சொன்னது." அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. மலைக்கே அவர் பெயர்தான். 1,868 மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்தச் சிகரத்தின் அடிவாரத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் சனங்களுக்கு, அந்தப் பதிலில் இடம் இல்லை.

இந்த யோசனையைக் கிளறியது 1988-ல் ஓர் ஆயுர்வேத ஆய்விதழில் வந்த கட்டுரை. 'ஆரோக்கியப்பச்சை' என்ற செடியை, அகத்தியர் மலைக் காணிகளின் ஜின்செங் என்று அதன் தலைப்பே சொல்லியது. அந்தச் செடியை முதலில் அறிந்தவர் யார், அந்த அறிவு எங்கிருந்து எங்கே போனது என்று பார்க்க வேண்டும் என்று தோன்றிற்று. மலையைக் குறுக்கே கடக்க வழி கிடையாது. செங்கோட்டை போய், ஆரியங்காவு, தென்மலை, குளத்தூப்புழை, மடத்தறை வழியாகச் சுற்றிக்கொண்டு பாலோட்டில் இறங்கினேன்.

ஏடுகளில் உள்ள கதை இது. 1987 டிசம்பர். மத்திய அரசின் பழங்குடி உயிரறிவு ஆய்வுத் திட்டத்துக்காக, டாக்டர் பி. புஷ்பாங்கதன் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு அகத்தியர் மலையில் ஏறுகிறது. வழிகாட்ட வந்த காணி இளைஞர்கள் நடக்கும்போதே சிறு காய்களைப் பறித்து மென்றுகொண்டு வந்தார்கள். அறிவியலாளர்களுக்கு மூச்சு வாங்கியது. காணிகள் களைக்கவே இல்லை. தந்த காய்களைத் தின்று பார்த்தபோது இவர்களுக்கும் தெம்பு வந்தது. என்ன செடி என்று கேட்டதற்கு முதலில் பதில் இல்லை. வெளியாருக்குச் சொல்லக் கூடாத விஷயம் என்று தயங்கினார்கள். நெடுநேரம் பேசிய பிறகே செடியைக் காட்டினார்கள். மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி என்ற பெயர்கள் அப்படித்தான் உலகக் கருத்தரங்குகள் வரைக்கும் போயின. இருவரும் கல்லாற்றுக்குத் தெற்கே, குற்றிச்சல் பஞ்சாயத்தில் உள்ள கோட்டூர்க் காட்டுப் பகுதியைச் சேர்ந்தவர்கள்.

செடியின் அறிவியல் பெயர் டிரைகோபஸ் ஸைலானிகஸ். இதே இனம் இலங்கையிலும் மலேசியாவிலும் உண்டு. அகத்தியர் மலையில் இருப்பது 'திருவாங்கூரிகஸ்' என்ற துணையினம். தாவரவியலார் இதை இன்று வள்ளிக்கிழங்குக் குடும்பத்தில் சேர்க்கிறார்கள். பார்த்தால் நம்ப முடியாது. கொடி இல்லை, படர்வது இல்லை. ஓடைக்கரை நிழலில், சருகுக்கு மேலே ஒரு சாண் உயரம். இதய வடிவ இலை ஒவ்வொன்றும் தனித்தனிக் காம்பில் நிற்கிறது. பூவைத் தேட வேண்டுமானால் குனிந்து இலையை விலக்க வேண்டும். காம்பு முடியும் இடத்தில், மண்ணைப் பார்த்தபடி, கருஞ்சிவப்பாக ஒளிந்திருக்கும். காயும் அங்கேதான், மூன்று விளிம்போடு. நிமிர்ந்து நடப்பவன் கண்ணில் இது படாது. காட்டைத் தரையோடு தரையாகப் படித்தவர்கள்தான் இதைக் கண்டெடுத்திருக்க முடியும்.

பாலோட்டில் 1979-ல் தொடங்கப்பட்ட வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. புஷ்பாங்கதன் பிறகு அதன் இயக்குநரானார். காணிகள் தின்றது காயை. ஆய்வுக்கூடம் எடுத்துக்கொண்டது இலையை. அதோடு அமுக்கரா உள்ளிட்ட வேறு மூன்று மூலிகைகளைச் சேர்த்து 'ஜீவனி' என்ற தூளைச் செய்தார்கள். 1995-ல் கோவை ஆரிய வைத்திய பார்மஸிக்கு அதன் உரிமம் தரப்பட்டது. உரிமத் தொகை பத்து லட்சம் ரூபாய், விற்பனையில் இரண்டு சதவீதம் பங்குத் தொகை. வருவதில் சரிபாதியைக் காணிகளுக்குத் தருவது என்று நிறுவனம் முடிவு செய்தது. ரியோ மாநாட்டில் பல்லுயிர் உடன்படிக்கை கையெழுத்தானது 1992-ல்தான். இந்தியாவின் பல்லுயிர்ச் சட்டம் வந்தது 2002-ல். சட்டம் வருவதற்கு முன்னாலேயே ஒரு நிறுவனம் தானாக முன்வந்து பங்கு கொடுத்தது என்பது சின்ன விஷயம் இல்லை. உலகமே இதை 'காணி மாதிரி' என்று எடுத்துக்காட்டிற்று.

மாதிரி சரி. பணத்தை யாரிடம் கொடுப்பது? அதற்கென ஓர் அறக்கட்டளை 1997 நவம்பரில் பதிவாயிற்று. முதல் தொகையாக ஐந்து லட்சத்துச் சொச்சம் ரூபாய் அதன் கணக்குக்குப் போனது 1999-ல். இதற்கிடையில் இன்னொரு முடிச்சு விழுந்தது. இந்தச் செடியைக் காட்டுக்கு வெளியே வளர்த்தால் மருந்துக் குணம் சரியாக வருவதில்லை. காணிக் குடும்பங்களே தங்கள் இடத்தில் பயிர் செய்யட்டும் என்று திட்டம் போட்டார்கள். காப்புக்காட்டில் விளைந்ததை எடுத்து விற்கக் கூடாது என்று வனத்துறை குறுக்கே நின்றது. இலை இல்லாமல் தூள் ஏது? போதாததற்கு, அமெரிக்க நிறுவனம் ஒன்று 'ஜீவனி' என்ற பெயரைத் தன் நாட்டில் வணிகக் குறியாகப் பதிந்துகொண்டது.

இதெல்லாம் ஏடுகளில் இருப்பது. ஏடுகளில் ஓரமாக ஒரு வரியில் வந்துபோவதுதான் என்னைக் கல்லாற்றுக்கு இழுத்தது. கோட்டூர்க் காணிகள் இந்த ஏற்பாட்டில் முன்னால் நின்றார்கள். விதுரா, பெரிங்கம்மலை பஞ்சாயத்துகளின் காணிகளுக்கு இதில் மனத்தாங்கல் இருந்தது. கல்லாறு விதுரா பஞ்சாயத்துக்குள் வருகிறது. பாலோட்டு ஆராய்ச்சி நிறுவனமோ பெரிங்கம்மலைப் பஞ்சாயத்து எல்லைக்குள்ளேயே நிற்கிறது.

சாயாக்கடையில் பேச்சை எடுத்தேன். கடைக்காரர் அடுப்பிலிருந்து திரும்பாமலே, "ஆரோக்கியப்பச்சையா? அது கோட்டூர்க்காரங்களோட சங்கதி" என்றார். மரச்சீனியும் மீன் கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு வயசாளி நிமிர்ந்து பார்த்தார். காட்டுக்குள் இருக்கும் ஊரிலிருந்து சாமான் வாங்க இறங்கி வந்தவர். அவர் பேசியது எங்கள் மலைக் காணிகள் பேசுவதைப் போலவே, தமிழா மலையாளமா என்று பிரிக்க முடியாத பேச்சு.

"பாட்டா, உங்க பக்கத்துலயும் அந்தச் செடி உண்டா?" என்று கேட்டேன்.

"காட்டுல உண்டு, மக்களே. நாங்க நடக்கும்போ தின்னும். எங்க அப்பன் தின்னான், அவன் அப்பன் தின்னான். இதுல ஆரு ஆருக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"கோட்டூர்க்காரங்க சொன்னது தப்புன்னு நினைக்கிறீங்களா?"

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து பதில் சொன்னார். "கேட்டாங்க, சொன்னான். வழியில கேட்டா ஆரும் சொல்லும். தப்பு அதுல இல்ல. ஊரைக் கேட்காம விலை பேசினாங்களே, அதைச் சொல்லு."

அவர் அத்தோடு எழுந்துபோய்விட்டார். இப்படிக் கேட்ட முதல் ஆள் அவர் இல்லை. 1995-லேயே ஒன்பது பிலாத்திகள் சேர்ந்து, தங்கள் அறிவைத் தனியார் நிறுவனங்களுக்கு விற்கக் கூடாது என்று கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். காணிகளில் மூட்டுக்காணி ஊர்த்தலைவர். பிலாத்தி மருத்துவனும் பூசாரியும். நோய் என்று வந்தால் இரும்புக் குழலைச் சுரண்டி ஒலிக்கும் கொக்கரையை எடுத்து, இரவு முழுக்கச் சாற்றுப்பாட்டு பாடுகிறவன் அவன்தான். மருந்தை யாருக்கு, எப்போது, எவ்வளவு சொல்லலாம் என்ற கணக்கு அவன் கையில் இருந்தது. மலையேற்றத்தில் பேச்சோடு பேச்சாக நடந்த ஒரு கைமாற்றம் அந்தக் கணக்கைக் கலைத்துவிட்டது என்பதே அவர்களின் முறையீடு.

அந்த 1995 வேறு ஒரு வகையிலும் முக்கியமான ஆண்டு. கல்லாற்றுக் காட்டுக்குள் மொட்டமூடு என்ற ஊரைச் சேர்ந்த லட்சுமிக்குட்டி அம்மாவுக்குக் கேரள அரசு 'நாட்டு வைத்திய ரத்னா' விருது கொடுத்தது அந்த ஆண்டில்தான். விஷக்கடி மருத்துவத்தில் பெயர் பெற்ற காணிப் பெண். நூற்றுக்கணக்கான மருந்துகளை மனத்திலேயே வைத்திருப்பவர். கற்றது தாயிடமிருந்து. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ வந்தபோது நாடே கல்லாறு எங்கே இருக்கிறது என்று தேடியது. ஒரே ஆண்டில் இந்த வட்டாரத்தில் மூன்று நடந்திருக்கின்றன: காணி அறிவுக்கு ஒரு விருது, காணி அறிவுக்கு ஓர் ஒப்பந்தம், அந்த ஒப்பந்தத்துக்கு எதிராக ஒரு கடிதம். விருதைப் பத்திரிகைகள் கொண்டாடின. ஒப்பந்தத்தைப் பல்கலைக்கழகங்கள் பாடமாக வைத்தன. கடிதம் அடிக்குறிப்பானது.

ஆரோக்கியப்பச்சைக்கு ஜின்செங் என்று பெயர் வைத்தவர்கள், அந்த ஜின்செங் வேருக்கு நேர்ந்ததையும் சேர்த்து நினைத்திருப்பார்களா தெரியவில்லை. 1716-ல் கனடாவில் லஃபித்தோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், சீனத்து ஜின்செங்கைப் பற்றிப் படித்துவிட்டு அதேபோன்ற செடியைக் காட்டில் தேடிக் கண்டார். ஒரு மொஹாக் பெண்ணிடம் காட்டினார். தங்கள் சனங்கள் வழக்கமாக உபயோகிக்கும் மருந்துதான் அது என்று அவர் உடனே அடையாளம் சொன்னார். கண்டுபிடித்தவராக வரலாற்றில் நிலைத்தது பாதிரியார் பெயர். 1784-ல் நியூயார்க்கிலிருந்து சீனாவுக்குப் போன முதல் அமெரிக்க வணிகக் கப்பல் ஏறத்தாழ 30 டன் ஜின்செங்கை ஏற்றிச்சென்றது. அப்பலாச்சிய மலைத்தொடரின் அமைதியான சிற்றூர்களில், கென்டக்கியிலும் மேற்கு வர்ஜீனியாவிலும், இன்றும் செப்டம்பர் பிறந்தால் வேர் தோண்டக் காட்டுக்குள் போகிறார்கள். தோண்டித் தோண்டி அருகிப்போனதால் 1975 முதல் அதன் ஏற்றுமதி உலகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதை மருந்தாக அறிந்திருந்த செரோக்கி மக்களில் பெரும்பாலோரோ 1830-களிலேயே அந்த மலைகளிலிருந்து விரட்டப்பட்டுவிட்டார்கள். கல்லாற்றைப் போலவே அங்கும் சாலையில் போகிறவனுக்குக் 'காண ஒண்ணும்' இருக்காது.

காணிகள் விரட்டப்படவில்லை, பங்கும் கொஞ்சம் கிடைத்தது. அந்த வகையில் இந்தக் கதை மேல். ஆனால் இரண்டு இடத்திலும் வெளியிலிருந்து வந்தவர்கள் கேட்டது ஒரே கேள்வி: 'முதலில் சொன்னவர் யார்?' ஒப்பந்தம் எழுதவும் காசோலை போடவும் ஒரு பெயர் வேண்டும். நானும் அதே கேள்வியோடுதான் மலையைச் சுற்றி வந்தேன். எங்கள் ஊரில் அகத்தியர் என்கிறோம். ஆய்வேடு 1987 என்கிறது. சாயாக்கடையில் கோட்டூர் என்கிறார்கள். மூன்றுமே வசதியான பதில்கள். நடக்கிறவர்கள் எல்லாரும் தின்ற காய்க்கு முதல் ஆள் கிடையாது. முதல் ஆளைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற நினைப்புதான், மற்ற ஊர்களைக் கேட்காமல் விட்டதற்குக் காரணம் ஆயிற்று.

இன்று சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 2006-ன் வன உரிமைச் சட்டம், பல்லுயிர் சார்ந்த மரபறிவைச் சமூகத்தின் உரிமை என்று மூன்றாம் பிரிவிலேயே சொல்கிறது. உரிமைகளை முதலில் எடுத்துவைக்கும் இடம் கிராம சபை. ஆனால் 2023-ல் திருத்தப்பட்ட பல்லுயிர்ச் சட்டம், ஏட்டில் ஏறிய மரபறிவைப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பங்கு தரும் கடமையிலிருந்து விலக்கு அளிக்கிறது. இங்கேதான் கிழக்குப் பக்கத்துக்காரனான எனக்கு உறுத்துகிறது. காணியின் வாயில் இருக்கும்வரை ஒரு மருந்துக்கு ஊரைக் கேட்க வேண்டும். அதே மருந்து ஏடேறி 'அகத்தியர் சொன்னது' ஆகிவிட்டால் யாரையும் கேட்க வேண்டாம். பக்தியோடு நாம் சொல்லும் அந்த இரண்டு சொல்லில் இப்போது பண விவகாரமும் சேர்ந்துவிட்டது. அடுத்த செடிக்கு விலை பேச வருகிறவர், கோட்டூரோடு நிற்காமல் கல்லாற்றிலும் பாபநாசத்திலும் சபை கூட்டிக் கேட்டுவிட்டு வரட்டும். நேரம் பிடிக்கும், சண்டையும் வரும். ஆனாலும் பெரியவர் சொன்ன 'ஊரைக் கேட்பது' அதுதான்.