212-ம் பக்கம் பார்க்க

‘புஸ்தகம் எழுதிட்டேன் சார். வேர்டுலயே முடிச்சிடலாமா, டி.டி.பி.க்குக் குடுக்கணுமா?’ என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். எழுதி முடித்த பிறகு மாறுமா, மாறாதா?

கவிதைத் தொகுப்பு மாறாது. கல்யாணப் பத்திரிகை, மாப்பிள்ளை மாறினாலொழிய மாறாது. இயந்திரக் கையேடு மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு வால்வு மாறினால் நாலு பாரா கூடும்.

பேஜ்மேக்கர் 1985-ல் வந்தது. பெயரிலேயே சங்கதி இருக்கிறது. அதற்குப் பக்கம்தான் தெய்வம். படத்தை இங்கே வை, எழுத்தை அங்கே ஓட்டு. கத்திரியும் பசையுமாக வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அது வரப்பிரசாதம். தமிழ்ப் பத்திரிகைகளில் ஒரு தலைமுறையே அதில் குப்பை கொட்டியது. ஆனால் 2001-ல் வந்த ஏழாவது பதிப்போடு அதன் கதை முடிகிறவரை, தானாக அடிக்குறிப்பு போட அதற்குத் தெரியாது.

வேர்டு வேறு ரகம். அதற்குப் பக்கம் ஒரு பொருட்டே இல்லை. இது தலைப்பு, இது உபதலைப்பு என்று ஸ்டைல் வைத்துச் சொல்லிவிட்டால் போதும். வரிசை எண், பொருளடக்கம் எல்லாம் அது பார்த்துக்கொள்ளும். அழகு மட்டும் கேட்காதீர்கள்.

பி.காம். படித்தவர்களுக்குக் குறிப்பேட்டில் ‘பே.ப.எண்’ என்றொரு கட்டம் ஞாபகமிருக்கும். இந்தப் பதிவு பேரேட்டில் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதற்கான எண். பேரேடு பைண்டு பண்ணியது. நடுவில் தாள் செருக முடியாது. அதனால் அந்த எண் பொய்யாகாது. தொழில்நுட்பக் கையேடு என்பது தினம் நடுவில் தாள் செருகப்படும் பேரேடு.

எனக்குத் தெரிந்த பொறியாளர் ஒருவர் பாய்லர் பற்றி நானூறு பக்கம் எழுதினார். பக்கம் கட்டியாயிற்று. ‘நீர்மட்டம் கண்ணாடிக்குக் கீழே போனால் 212-ம் பக்கம் பார்க்க’ என்று கையால் டைப் செய்திருந்தார்கள். அப்புறம் நாலாம் அத்தியாயத்தில் மூன்று பக்கம் சேர்ந்தது. 212-ல் இருந்தது 215-க்குப் போய்விட்டது. அங்கே சொல்லியிருந்தது என்ன தெரியுமா? முதலில் நெருப்பை நிறுத்து, காய்ந்த பாய்லருக்குள் தண்ணீர் விடாதே, வெடிக்கும். அதைத் தேடி அலைய ஆபரேட்டருக்கு நேரம் ஏது? நல்லவேளை, கடைசிப் புரூஃபில் சிக்கியது.

பக்க எண்ணைத் தானே திருத்திக்கொள்ளும் குறுக்குக் குறிப்பு வசதி வேர்டில் உண்டு. பெரிய கையேடுகளுக்கென்றே 1986-ல் பிறந்த ஃபிரேம்மேக்கரிலும் உண்டு. சமன்பாடுகள் நிறைய இருந்தால் லேடெக். 1999-ல் வந்த இன்டிசைனுக்கு அடிக்குறிப்பு 2005-லும், குறுக்குக் குறிப்பு 2008-லும்தான் கிடைத்தன. பக்கத்தை வைத்துப் பிழைப்பவர்களுக்கு அதன் அவசியம் அவ்வளவு தாமதமாகத்தான் உறைத்திருக்கிறது!

ஆகவே, மாறும் வரைக்கும் வேர்டில் இருங்கள். மாற்றம் ஓய்ந்த பிறகு அழகுக்கு இன்டிசைன் போங்கள். எங்கே இருந்தாலும் பக்க எண்ணைக் கையால் அடிக்காதீர்கள்.

அச்சுக்கு முன் வேர்டில் கன்ட்ரோல்-ஏ, எஃப்-9 தட்டுங்கள். சுட்டிய இடம் அழிந்துபோயிருந்தால், ‘எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்’ என்று நட்ட நடுப் பக்கத்தில் கத்தும். எரிச்சலாகத்தான் இருக்கும். பரவாயில்லை. கையால் அடித்த 212 கத்தாது.